தங்கையா அண்ணன் கால் எடுத்த இடம்

செய்தி வந்தபோது நான் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். வலது பக்கம் முடிந்திருந்தது, இடது பக்கம் தொடங்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் எல்லோரும் அன்று என்னைப் பார்த்துவிட்டீர்கள், இனி மறைத்து என்ன செய்ய. தங்கையா அண்ணனின் மகள் செல்வி போனில் அழுதாள். காந்தலூரில் உள்ள அவள் வீட்டுக்குப் போனவர், காலைக் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. பாதி மீசையோடு ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நம் ஜீப் ஸ்டாண்டில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவரைவிட அவருடைய காரைத் தெரியும். இளம்பச்சை அமெரிக்கக் கார். ஊரைவிட்டுப் போன எஸ்டேட் துரை ஒருவர், தன் டிரைவராக இருந்த அண்ணனின் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அந்த நாட்டில் அதைச் சின்னக் கார், சிக்கனமான கார் என்பார்களாம். நம் ரோட்டில் வந்தால் எதிரே வருகிறவன் தேயிலைக்குள் ஏறி நிற்க வேண்டும். முன்சீட்டின் சாய்மானத்தைப் பின்னால் தள்ளினால் அது பின்சீட்டோடு சேர்ந்து கட்டிலாகிவிடும். “அண்ணே, இது காரா கட்டிலா?” என்று ஒருநாள் சீண்டினேன். “ஓட்டுனா காரு, சாஞ்சா கட்டிலு. ஒனக்கு எதுக்குலே அந்தக் கவல, நீ ரெண்டுலயும் தூங்குற ஆளு” என்றார். ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி.

அந்தக் காரில் எனக்குப் பிடிக்காதது வைப்பர். அதற்கு மோட்டார் கிடையாது. இன்ஜின் மூச்சை உள்ளே இழுக்கிற வேகத்தில்தான் அது ஆடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வைப்பர் செத்துப்போகும். காலை எடுத்தால் சட்டென்று ஒரு வீச்சு வீசும். மழையில் மலை ஏறுகிற காருக்கு இப்படி ஒரு வைப்பரை வைத்தவன் மலையையே பார்த்திருக்க மாட்டான் என்பேன். அண்ணன் கோபப்பட மாட்டார். “தொடச்சுட்டுப் பாரு, பாத்துட்டு மிதி. அம்புட்டுத்தான்லே” என்பார்.

மறையூரிலிருந்து மூணாறு ஏறும் வழியில் உள்ள சின்னப் பாலம் உங்களுக்குத் தெரியும். பால் வண்டி ராசு உயிர்விட்ட இடம். அங்கே நாம் எல்லோரும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுத்தான் தாண்டுவோம். அண்ணன் காரின் ஹாரன் மழை பட்டால் ஊமை. அதனால் பாலத்தில் அவர் காலை எடுப்பார். வைப்பர் ஒரு தடவை வீசும். “ராசுக்குக் கையெடுத்துக் கும்பிடுது பாரு” என்பார். வெயில் நாளிலும் வைப்பர் குமிழைத் திருப்பிவிட்டு இதைச் செய்வார். உங்கள் கார் பக்திமான் அண்ணே, அதற்குத் திருநீறு பூசிவிடுங்கள் என்று நான் கேலி பேசியிருக்கிறேன்.

காந்தலூரில் நான் போய் இறங்கியபோது மழை பிடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது, திரும்ப ராத்திரி ஆகுமாம். தேவிகுளத்தில் அண்ணன் வீட்டில் அவர் மனைவி பேச்சி மதினி மூட்டு வீங்கி வாசல் தாண்ட முடியாமல் இருந்தாள். அவள் அவர் முகம் பார்க்க வேண்டும், பொழுது சாய்வதற்குள் தகனமும் முடிய வேண்டும். என் ஜீப்பில் அவரை நீட்டிப் படுக்க வைக்க இடமில்லை. செல்விதான் அண்ணன் ஓட்டிவந்திருந்த காரைக் காட்டினாள். அவளே சீட்டைச் சாய்த்தாள். தலை பின்சீட்டில் அவள் மடியில், பெருவிரல் சேர்த்துக் கட்டிய கால்கள் முன்னால் என் காலுக்குப் பக்கத்தில். அப்படித்தான் கிளம்பினோம்.

மறையூர் தாண்டியதும் மஞ்சுமூட்டம் இறங்கியது. பொழுதைத் துரத்துகிற அவசரத்தில் நான் மிதித்த காலை எடுக்கவே இல்லை. வைப்பர் கண்ணாடியின் நடுவில் நின்றுவிட்டது. வெளியே வெள்ளை, உள்ளே எங்கள் மூச்சு. பாலம் எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. நான் மிதித்தபடியே இருக்கிறேன், வைப்பர் ஒரு தடவை வீசியது. நிதானமான, முழு வீச்சு. துடைத்த இடத்தில் பாலம் தெரிந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து, காரின் முன்கண்ணாடி உயரத்தில் குறுக்கே கிடந்தது.

பிரேக்கில் ஏறி நின்றேன். கார் நின்றது. குனிந்து பார்த்தேன். அவர் பாதங்கள் வேட்டிக்குள், வைத்தது வைத்தபடி இருந்தன.

பின்னாலிருந்து செல்வி மெதுவாகக் கேட்டாள். “சித்தப்பா, நீங்க கால எடுத்தீங்களா?”

எடுத்தேன் என்று சொன்னேன். அவள் அப்பாவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எஸ்டேட் ஆட்கள் ரம்பவாளோடு வந்து மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். தேவிகுளம் சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. மதினி நாற்காலியில் இருந்தபடியே அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் மீசையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“பாலத்துல கும்புட்டுட்டு வந்தாரா?” என்றாள்.

நானும் செல்வியும் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

என்னிடம் இப்போது இருப்பது அவர் காலை எடுக்கிற அந்தப் பழக்கம். என் ஜீப்பின் வைப்பர் மோட்டாரில் ஓடுவது. கால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பாலத்தில் எடுக்கிறேன். இப்போது இரண்டு பேருக்காக. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறீர்கள். அடியுங்கள், அந்தச் சத்தமும் அவர்களுக்குப் போய்ச் சேரட்டும்.

காரையும் மதினி என்னையே பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள். பதினாறாம் நாள் காரியத்தன்று வாசலில் அதைத் துடைத்துவிட்டு, அண்ணனைக் கிடத்தியிருந்த இடது பக்க சீட்டில் சற்று உட்கார்ந்தேன். சாய்மானம் தானாகப் பின்னால் போனது. சாய்மானக் கொக்கியில் சட்டை மாட்டிக்கொண்டதால் என்னால் எழ முடியவில்லை. மல்லாந்து கண்ணை மூடிக்கொண்டு யாராவது வரட்டும் என்று கிடந்தேன். பள்ளிவாசல் எஸ்டேட்டிலிருந்து காரியத்துக்கு வந்த, கண் மங்கிய ஒரு பெரியவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கொண்டுவந்த மாலையை என் நெஞ்சில் வைத்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். சம்பங்கி மாலை.