உள்மடிப்பில் சிவப்பு நூல்

பெரிய டீச்சரை அடக்கம் செய்த அன்று எங்கள் ஊர்த் தேவாலயத்தில் எட்டுப் பேர் பேசினார்கள். ஒருவர் அவர் வாங்கிய பதக்கங்களை வரிசையாக வாசித்தார். இன்னொருவர், மாவட்டத்துத் தலைமையாசிரியர்களுக்கெல்லாம் அவர் தலைவியாக இருந்த காலத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, இந்த எட்டுப் பேரின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருவர் வீட்டுப் பிள்ளைகூடத் தமிழ்ப்பள்ளியில் படிக்கவில்லை. எழுந்து கேட்டுவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

பாடாங் செராய்க்கு உள்ளே, செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவில் இருக்கும் தோட்டப் பள்ளி எங்களுடையது. அங்கே தலைமையாசிரியராக இருந்த அவருக்குக் கீழே பதினான்கு ஆண்டுகள் ஆசிரியையாக வேலை செய்தேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் மகள் அவர். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கி, அதற்கு மேலேயும் படித்தார். தோட்டம் கைமாறி, பள்ளி இருந்த நிலமும் போய்விடும் என்ற நிலை வந்தபோது, கல்வி இலாகாவில் போய் நின்றார். அதிகாரி சாப்பிடப் போனால், அவர் அறை வாசலிலேயே தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும்வரை காத்திருப்பார். பல வாரம் அப்படி நின்றுதான் நிலத்தையும் இரண்டு மாடிக் கட்டடத்தையும் வாங்கினார். சத்தம் போட்டு யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் குழந்தை பிறந்தாலும், முப்பதாம் நாள் தொட்டில் போடும் விருந்துக்கு வந்துவிடுவார். கிறிஸ்தவ வீடென்றால் ஞானஸ்நானத்துக்கு. எல்லோரும் வளையலும் பால் புட்டியும் கொண்டுவர, அவர் மட்டும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, ஏழு வயதுப் பிள்ளைக்கான பள்ளிச் சீருடை கொண்டுவருவார். பெண் என்றால் நீலப் பினஃபோர், ஆண் என்றால் நீலக் கால்சட்டை. அவரே தைத்தது. பிள்ளை வளர வளர இறக்கிவிட நான்கு விரல் மடிப்பு வைத்து, அம்மாக்களுக்கு எங்கே பிரிப்பது என்று தெரியவேண்டும் என்பதற்காக அதை உள்பக்கம் சிவப்பு நூலால் தைத்திருப்பார். தலை நிற்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டையா என்று விருந்து வீடே சிரிக்கும். அவரும் சிரிப்பார். ஆனால் ஏழு வருடம் பெட்டியில் கிடக்கும் அந்தச் சட்டையைப் பார்த்துப் பார்த்தே முக்கால்வாசிப் பேர் பிள்ளையை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

என் மகளுக்கும் ஒன்று வந்தது. தொட்டிலின் மேல் அதை விரித்து அளவு பார்த்து, நான்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

மகளுக்கு ஏழு வயதானபோது அவளைச் சீனப் பள்ளியில் சேர்த்தேன். கணவர் மேலும் மாமியார் மேலும் பழியைப் போடலாம், மனசாட்சி கேட்காது. சீனம் தெரிந்தால் கூலிம் தொழிற்சாலைகளில் நல்ல வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டது நான். பெரிய டீச்சரிடம், மகள் சுங்கை பட்டாணியில் மாமியார் வீட்டில் தங்கி அங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள் என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். சீனப் பள்ளிக்கும் அதே நீலப் பினஃபோர்தான் சீருடை. வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதையே எடுத்து, அந்தப் பள்ளியின் சின்னத்தைத் தைத்துப் போட்டு அனுப்பினேன்.

ஒரு மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு பசாருக்குப் போனேன். மீன் கடையிலிருந்து அவர் எதிரே வந்தார். ஒளிய இடமில்லை. என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், நெஞ்சில் இருந்த சின்னத்தைப் பார்த்தார். மீன் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, பினஃபோரின் ஓரத்தைத் திருப்பினார். சிவப்பு நூல் அப்படியே இருந்தது.

"நல்லா அமைஞ்சிருக்கு," என்றார். "அடுத்த வருசம் இந்த மடிப்ப எறக்கி விடும்மா."

அவ்வளவுதான். மறுநாள் பள்ளியில் எப்போதும் போல வேலை கொடுத்தார், எப்போதும் போல டீ குடித்தீர்களா என்று எல்லோரையும் கேட்டார். அதன்பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே அழுது தீர்த்திருப்பேன்.

ஓய்வு பெற்ற பின்னும் அவர் தைப்பதை நிறுத்தவில்லை. விருந்துகள்தான் குறைந்தன, தோட்டத்து வீடுகள் காலியாகி, ஆட்கள் டவுன் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். இப்போது பள்ளியில் மொத்தமே பதினொரு பிள்ளைகள். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு வகுப்புக்கு யாரும் வராவிட்டால் பள்ளியை மூடிவிட்டு, இருப்பவர்களை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது, ஏழு வருடத்துக்கு முன் தான் சட்டை கொடுத்த ஐந்து வீடுகளை அவர் வரிசையாகச் சொன்னார்.

"நான் போக முடியாது. நீ போ," என்றார்.

என்னை ஏன் போகச் சொன்னார் என்று இன்றும் எனக்குத் தெரியாது. மன்னித்துச் சொன்னாரா, தண்டித்துச் சொன்னாரா? அவர் இல்லை, இனி கேட்க முடியாது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போனேன். நான்கு வீட்டில் உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்து, முடியாது என்றார்கள். ஐந்தாவது வீடு டவுன் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. அந்தப் பெண் எங்கள் பள்ளியில் படித்தவள், என் வகுப்பில் இருந்தவள். பெரிய டீச்சர் பேரைச் சொன்னதும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளைச் சீனப் பள்ளியில் சேர்த்தாயிற்று என்றாள்.

"ஆனா பெரிய டீச்சர் தச்ச பினஃபோரத்தான் போட்டு அனுப்பப் போறோம்," என்று அவசரமாகச் சேர்த்தாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாளாம். "பேட்ஜ் மட்டும் மாத்துனா போதும்லா. ஒங்க மககூட அப்படித்தானே டீச்சர் போனிச்சி?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நான் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகத்தான் சொன்னாள்.

பிள்ளையைக் கூப்பிட்டுப் பினஃபோரைப் போட்டுக் காட்டினாள். நீளம் சரியா பாருங்கள் டீச்சர் என்றாள். குனிந்து ஓரத்தைத் திருப்பினேன். ஏழு வருடத்துக்கு முன்பே கண் சரியாகத் தெரியாமல்தான் தைத்திருக்கிறார். சிவப்பு நூல் கோணல் மாணலாக ஓடியிருந்தது.

"சரியா இருக்கும்மா," என்றேன்.

அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்கு எங்கள் பள்ளியில் ஒரு பெயரும் பதிவாகவில்லை.