ஊரே கரையில் நின்றது

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒன்றிரண்டு வருஷம்தான். தியாகதுருகம் கடைவீதியில் கூட்டுக் குடும்பமாக இருந்த நாங்கள், தனியாக மளிகைக் கடை போட ரிஷிவந்தியம் பக்கம் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போனோம். பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், பஸ் எல்லாமே பக்கத்து ஊரில். கொஞ்சம் வீடுகளும் ஓர் ஏரியும்தான் அந்தக் குடியிருப்புக்கென்று இருந்தன.

எனக்கு அந்த இடம் ஒட்டவே இல்லை. ஊர்க்காரர்கள் கடைக்கு வருவார்கள், சாமான் வாங்குவார்கள், போய்விடுவார்கள். அங்கே நாங்கள் ஒரே முஸ்லிம் குடும்பம் வேறு. "இவங்க நம்மள சேத்துக்க மாட்டாங்க, போயிடலாம்" என்று வீட்டுக்காரரை அரித்துக்கொண்டே இருந்தேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். ஒருநாள் சாயங்காலம் கடையில் தொங்கிய வாழைத்தாரை ஓர் எருமை தின்றுவிட்டது. எருமைக்காரியை ஒரு பிடி பிடித்துவிட்டேன். அவள் எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் ஊரே நிற்கிறது! கையில் வலை, கூடை, கம்பு. முன்னால் அதே எருமைக்காரி. வீட்டுக்காரரோ சரக்கு எடுக்கக் கள்ளக்குறிச்சி போயிருந்தார். நேற்றைய சண்டைக்கு எங்களை விரட்டத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனாலும் விடுவேனா? வாசலை மறித்துக்கொண்டு, "நாங்களே காலி பண்ணிடறோம், யாரும் உள்ள வரக்கூடாது!" என்று கத்தினேன்.

அவள் திருதிருவென்று விழித்தாள். "இன்னா பாயம்மா சொல்றீங்க? இன்னிக்கி ஏரியில மீன் பிடிக்கிறோம். நீங்க எறங்குனாதான் நாங்க எறங்க முடியும். பாய்கிட்ட அப்பவே சொன்னமே, சொல்லலயா?"

அந்த மனுஷன் மறந்தே போயிருந்தார்.

போகும் வழியில் அவள்தான் விவரம் சொன்னாள். சுதந்திரத்துக்கு அப்புறம் அவர்களுடைய பெரியவர்கள் குத்தகைக்காரர்களாக அங்கே வந்தார்களாம். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியில் கால் வைக்க விடவில்லை. இவர்கள் கரையில் நின்று பார்த்துவிட்டு வெறுங்கூடையோடு திரும்பியிருக்கிறார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து சொந்தமாக ஓர் ஏரிக்குக் கரை போட்டபோது ஒரு கட்டுப்பாடும் போட்டார்கள். வருஷா வருஷம் கோடையில் மீன் பிடிக்கும்போது, ஊருக்குக் கடைசியாக வந்த குடும்பம்தான் முதலில் இறங்க வேண்டும். முதல் மீனும் அவர்களுக்குத்தான்.

"அப்புறம் ஏன் யாரும் எங்கிட்ட பேசல?" என்றேன்.

"நீங்கதான் எப்பவும் உம்முனு ஒக்காந்துக்கினு இருந்தீங்க. எங்களுக்கே பயமா இருந்துச்சு" என்றாள்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் கால் வைத்தேன். அடுத்த நிமிஷம் 'ஓ'வென்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் இறங்கினார்கள். யாரோ ஒரு பெரிய விராலைப் பிடித்து என் மடியில் போட்டார்கள். அது துள்ள, நான் அலற, ஏரியே சிரித்தது. காலி பண்ணிக்கொண்டு போகும் பேச்சு அன்றோடு போயிற்று.

சில வருஷம் கழித்துக் கல்வராயன் மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்து குடியேறியது. அந்தக் கோடையில் கூட்டம் எங்கள் வாசலைத் தாண்டி அவர்கள் வீட்டுக்குப் போனது. எனக்குச் சுருக்கென்றது. பொறாமைதான், மறைப்பானேன்? ஆனாலும் கூடையை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு போனேன். மலைக்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சேற்றில் இறங்க, நாங்கள் எல்லாரும் கரையிலேயே நின்றோம்.

முதல் ஆளாக இறங்கிய வருஷம் நான் அந்த ஊருக்கு விருந்தாளி. அவளுக்காகக் காத்து நின்ற அன்றுதான் நான் அந்த ஊர்க்காரி ஆனேன்.