தேத்தண்ணி தந்தவளைக் கேட்கவில்லை

நாவலப்பிட்டியில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு. முப்பது வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருடைய மகன் கொழும்பில் இருக்கிறான், யாருக்கு யாரோடு பேச்சில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. பென்ஷன் எடுத்துவிட்டு வீட்டில் கிடந்த என்னை, கண்டியில் தேர்தல் கருத்துக்கணிப்பு நடத்தும் ஒரு பெண்மணி வேலைக்குக் கூப்பிட்டபோது, அந்த அம்மாவுக்கு அதிர்ஷ்டம்தான் என்று நினைத்தேன். அதிர்ஷ்டம் உண்மையில் யாருக்கு என்று எனக்குப் புரிய ஒரு தேர்தல் முடிய வேண்டியிருந்தது.

அவரை நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு பாமசிக்கு மேலே இரண்டு அறை, நாலு கதிரை, படிவங்கள் பிதுங்கும் ஓர் அலுமாரி, இவ்வளவுதான் அலுவலகம். தேர்தல் வந்தால் அந்த மாடிப்படியில் எல்லாக் கட்சிக்காரரும் ஏறுவார்கள். வெல்லுவோமா என்று கேட்பார்கள்.

"நான் சாத்திரி இல்லை. சனம் என்ன நினைக்குதெண்டு கேட்டுச் சொல்லுவன். அதுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்யலாமெண்டும் சொல்லுவன்" என்பார் மிஸ்.

இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர்தான் அவர் தொழிலுக்கு இருந்த ஒரே மூலதனம்.

வேலையில் அவருக்கு இருந்த பிடிவாதத்தைச் சொல்லி மாளாது. எந்தக் கட்சியின் நிறத்திலும் நாங்கள் உடுத்திக்கொண்டு போகக்கூடாது. ஒருமுறை என்னுடைய பச்சைக் குடையைப் பறித்து வைத்துக்கொண்டு என்னை மழையில் அனுப்பினார். வாக்காளர் இடாப்பிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பெயர்கள் எடுத்துத் தருவார். அந்தப் பெயருக்குரிய ஆளைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். படிவத்தில் முதல் கேள்வி கட்சியைப் பற்றியதே அல்ல. 'இப்போது உங்களுக்குப் பெரிய கஷ்டம் எது?' அதைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். எனக்கு அதெல்லாம் வெட்டி வேலையாகத் தெரிந்தது.

அந்த முறை எங்களிடம் வந்த வேட்பாளர் தோட்டத்தில் பிறந்து, டவுனில் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். இளந்தாரிகளுக்குக் கரப்பந்து வலை வாங்கிக் கொடுத்திருந்தார். சந்தியில் ஒரு தவறணை திறக்கவும் அனுமதி எடுத்து வைத்திருந்தார். மது வாங்க இனி மூன்று மைல் நடக்கத் தேவையில்லை என்று ஆண்களுக்கு ஒரே குதூகலம்.

தோட்டப்பக்கம் என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் லயங்களுக்குப் போனேன். என்னைக் கண்டதும் வீட்டுக்காரர் கதிரையைத் தூசு தட்டிப் போடுவார். மனைவி உள்ளே தேத்தண்ணி ஊற்றுவார். வந்தவரோடு பேசுவது ஆம்பிளை வேலை. அது எங்களுடைய வழக்கம், அதில் ஒரு பிழை இருப்பதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இடாப்பிலிருந்து வந்த பெயர் பாதி வீடுகளில் மனைவியின் பெயர். நான் பெயரை வாசித்ததும் கணவர் சிரிப்பார்.

"அவகிட்ட என்னத்த சார் கேக்கப் போறீங்க? நான் போடுறதுக்குத்தான் அவளும் போடுவா. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். நாற்பது வீட்டையும் இரண்டே ஞாயிறில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

படிவங்களைக் கூட்டிப் பார்த்த மிஸ், தோட்டப்பக்கம் உறுதி, டவுனில்தான் உழைக்க வேண்டும் என்று வேட்பாளரிடம் சொன்னார். அவர் கடைசி வாரம் முழுவதும் டவுனையே சுற்றி வந்தார். தேர்தல் முடிந்தது. டவுன் கைகொடுத்தது, தோட்டம் கவிழ்த்துவிட்டது. மனிதர் தோற்றுப்போனார்.

மறுநாள் அவர் மாடிப்படி அதிர ஏறி வந்தார். "ஒங்கள நம்பி மோசம் போனேன். இனி இந்த மாவட்டத்துல ஒருத்தனும் ஒங்க படிய மிதிக்காம நான் பாத்துக்கிறேன்" என்று கத்தினார். நான் அலுமாரியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் படிவங்களை யார் நிரப்பியது என்று மிஸ் விரலை நீட்டியிருந்தால் என் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

"பிழை என்ர. நான் சரி பார்த்திருக்க வேணும்" என்றார் மிஸ்.

வேட்பாளர் போன பிறகு மிஸ் என் படிவங்களை எடுத்து மேசையில் பரப்பினார். "ஐயா, நாற்பது வீட்டிலையும் ஆம்பிளையள் சொன்னதுக்கு மாறா ஒரு பொம்பிளைகூடச் சொல்லேல்லையோ? அப்பிடி ஒரு ஊர் இருந்தா நானும் அங்கையே வந்து இருக்கலாமே" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன், என் குணம் அப்படி. அவர் அதே பெயர்களை ஒரு புதுத் தாளில் எழுதித் தந்தார். "திரும்பப் போங்கோ. இந்த முறை அவையளிட்டைக் கேளுங்கோ."

"எலெக்சன் முடிஞ்சிருச்சே மிஸ்?"

"எங்கட வேலை முடியேல்லை."

வெட்கத்தை விட்டுப் போனேன். முதல் வீட்டிலேயே, கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அன்னைக்கு நான் ஊத்திக் குடுத்த தேத்தண்ணியக் குடிச்சிட்டுத்தானே போனீங்க? அப்ப இத கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே சார். சந்தியில தவறண வந்தா எங்க சம்பளம் வீடு வந்து சேருமா? நாங்க பொம்பளைங்க கொழுந்து பறிக்கிற மலையிலயே பேசி முடிச்சிட்டோம்."

வீட்டுக்கு வீடு இதே பதில்தான். எனக்குத் தெரியாத ஆளே கிடையாது என்று சொன்ன ஊரில் பாதிப் பேரோடு நான் பேசியதே இல்லை.

அந்தப் பதில்களை மிஸ் வேட்பாளருக்கே இலவசமாக அனுப்பிவைத்தார். அவர் தவறணை யோசனையைக் கைவிட்டு, அடுத்த தேர்தலில் வென்று, வெட்கத்தோடு அதே மாடிப்படி ஏறி வந்தார். மிஸ்ஸுக்குப் போன பேர் திரும்பக் கிடைத்தது. என்னையும் வேலையில் வைத்துக்கொண்டார். அவருக்கு நான் பட்ட கடனில் அதைத்தான் பெரியது என்று வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

பிறகு ஒருமுறை சீட்டுக் குலுக்கியதில் என் மனைவியின் பெயர் வந்தது. சொந்த வீட்டில் நான் கேட்கக்கூடாது என்று மிஸ்ஸே கண்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். பத்து நிமிட வேலை, முக்கால் மணித்தியாலம் ஆனது. உள்ளே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. என்ன பேசினீர்கள் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நச்சரித்தேன். "அது வாக்காளரின்ர இரகசியம், ஐயா" என்று பஸ்ஸில் ஏறிவிட்டார்.

போன வருடம் மிஸ் நோய்வாய்ப்பட்டு, நாங்கள் சுதாரிக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். மரணவீட்டில் ஒருவரையொருவர் மேடையில் திட்டிக்கொள்ளும் கட்சிக்காரர்கள் எல்லாம் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் வேலை பழகியவர்கள் இன்று வத்தேகமையிலும் கலகெதரையிலும் ஆளைத் தனியாக வைத்துத்தான் கேட்கிறார்கள். அதை நினைத்துத் தைரியமாக நின்றேன். என் மனைவிதான் நிற்க மாட்டாமல் அழுதாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், பேராதனை தாண்டியதும், ஒரேயொரு முறை பார்த்தவருக்காக ஏன் இப்படி அழுகிறாய் என்றேன்.

"எனக்கு என்ன கஷ்டம்னு கேட்ட ஒரே ஆளு அவங்கதாங்க" என்றாள்.

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவனுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன வேண்டும்? எனக்கு அழுகை வந்தது. ஊரெல்லாம் நான் கேட்ட கேள்விதான், ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதை அவளிடம் கேட்டேன்.

"இப்ப ஒனக்குப் பெரிய கஷ்டம் எது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கம்பளைக்குக் கிட்ட பேசத் தொடங்கினாள். நாவலப்பிட்டி வரும்வரை பேசினாள். மிஸ் பழக்கியபடி நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன்.