கறுப்புப் புகையோடு தைப்பிங்குக்கு

1976, ஆகஸ்டு பள்ளி விடுமுறை, ஒரு சனிக்கிழமை. காலை ஏழு பத்துக்கு, மலேசியாவின் ஈப்போ நகரத்தில் சிலிபின் வட்டாரத்திலிருந்து நானும் என் மனைவி யோகமும் புறப்பட்டோம். தைப்பிங் ஐம்பத்திரண்டு மைல். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம், வழியில் இருபது காசுக்கு ஒரு தேநீர். இதையும் ஒரு பயணம் என்று எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சிரிப்பவர்கள், இருபத்தைந்து வயதான காரில், எந்த மைலில் நிற்குமென்று தெரியாத எஞ்சினோடு, பக்கத்தில் மனைவியையும் உட்காரவைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1951-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. கறுப்பு நிறம், நாலு கதவு, உருண்டை முதுகு. பீடோர் பக்கத்தில் நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது, வெள்ளைக்காரத் துரை கொட்டகையிலேயே விட்டுப் போன கார். நான் பார்த்தபோது பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இருநூற்றைம்பது வெள்ளிக்கு வாங்கி லாரியில் ஏற்றி வந்தேன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் சிலிபினில் பாக்கியில்லை. எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதன் வயிற்றுக்குள் தலையை விட்டே கழித்தேன். யோகம் அதற்கு எருமை என்று பெயர் வைத்தாள்.

ஜூலையில் எருமை கிளம்பிவிட்டது. சுத்தமான ஓட்டம், புகை இல்லை. ஒரே ஒரு ஒழுகல்தான். பெட்ரோலில் வரும் தூசியைத் தங்கவைக்க எஞ்சின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் உண்டு. அதன் விளிம்பிலிருந்த தக்கை வாஷர் பழசாகி நொறுங்கிப்போயிருந்தது. எங்கள் தோட்டத்து ரப்பர் சீட் ஒரு துண்டு என்னிடம் இருந்தது. அதை வட்டமாக வெட்டிப் போட்டேன். ஒரு சொட்டு கசியவில்லை. அப்பாவும் அம்மாவும் பால் வெட்டிய மரத்து ரப்பர் துரையின் காரைக் காப்பாற்றுகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த வாரம் புகை ஆரம்பித்தது. கூடவே மிஸ்ஸிங். நாலு சிலிண்டரும் சேர்ந்து இழுக்க வேண்டிய இடத்தில், எஞ்சின் விக்கி விக்கி உதறும். பிளக்குகளைக் கழற்றித் துடைத்துப் போட்டால் பத்து மைல் ஒழுங்காக ஓடும், பிறகு பழைய குணம். ஈப்போவில் மூன்று போமன்களிடம் காட்டினேன். மெக்கானிக்குக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். மூவரும் சொல்லிவைத்தாற்போல், "பிஸ்டன் ரிங் போச்சுலா மச்சான், எண்ணெய் எரியுது, எஞ்சின இறக்கணும்" என்றார்கள். அதற்கு அவர்கள் கேட்ட தொகையில் இன்னொரு எருமை வாங்கலாம்.

அப்படியிருக்க ஏன் கிளம்பினேன்? மாமனாருக்காக. யோகத்தின் அப்பா தைப்பிங்கில் இருக்கிறார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பால்வெட்டுக்காரர் மகனுக்குப் பெண் கொடுத்தவர். கொடுத்தார் என்பதைவிட யோகம் வந்துவிட்டாள் என்பது சரி. ஐந்து வருடத்தில் என்னிடம் மரியாதை குறைவாக ஒரு சொல் பேசியதில்லை. நான் தொட்டது எதுவும் உருப்படும் என்று நம்பியதுமில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 'சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குக் காரில் வருகிறோம்' என்று வீம்புக்கு அவருக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

யோகம் ஒரு நிபந்தனை போட்டாள். "கார் தைப்பிங் போய்ச் சேரவேணும். இடையில கைவிட்டுட்டு பஸ் ஏறினமெண்டா, திங்கட்கிழமை பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவன். சரியோ?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

ஏழு முப்பத்தைந்துக்குச் செம்மோர். சுண்ணாம்புக் குன்றுகளின் இடுப்பிலிருந்து பனி இன்னும் விலகவில்லை. முந்தின நாள் பிளக்குகளைத் துடைத்திருந்ததால் எருமை சமர்த்தாக ஓடியது. நான் பாட்டுக்கூடப் பாடினேன்.

ஏழு ஐம்பதுக்குப் பாட்டு நின்றது. முதலில் ஒரு விக்கல், பிறகு தொடர்ந்து உதறல். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் சாலையே இல்லை, புகைதான் இருந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் மூக்கைப் பொத்தியபடி, "ஆசாப் பாங், ஆசாப்!" என்று கத்திவிட்டுத் தாண்டிப் போனார். புகை வருகிறது என்பதை எனக்குச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்!

எட்டு இருபதுக்கு, சுங்கை சிப்புட் டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், பதினெட்டாவது மைலில் எஞ்சின் ஒரேயடியாக அணைந்தது. யோகம் ஸ்டியரிங்கைப் பிடிக்க நான் தள்ளினேன். ஒரு சைக்கிள் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். கடைக்காரர் சின்னையா, நாற்பது வயதிருக்கும், பஞ்சரான டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாண்ணே, ஊரு பூரா கொசு மருந்து அடிச்சுக்கிட்டே வாரீங்க போல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தம் கண்ணில் பட்டது. யோகமும் அதைத்தான் பார்த்தாள்.

"ரிங்கா இருக்கும்லா," என்றார் சின்னையா. அவரும் அதையே சொன்னதும் உள்ளுக்குள் நான் உடைந்துபோனேன். காரை ஓரமாகப் போட்டுப்போக இடம் கேட்க வாயெடுத்தேன்.

யோகம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். சேலைத் தலைப்பால் மூக்கை மூடியபடியே கேட்டாள்: "எண்ணெய் எரியுதெண்டா, எண்ணெய் குறைஞ்சிருக்க வேணுமே?"

காலையில் புறப்படும்போது எஞ்சின் எண்ணெய் கோட்டளவில் இருந்ததை நானே பார்த்திருந்தேன். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நின்றது. குறையவில்லை, கூடியிருந்தது!

முகர்ந்தேன். பெட்ரோல் வாடை. எரியாமல் மிஞ்சிய பெட்ரோல் எண்ணெயில் இறங்கியிருந்தது.

அவசரமாக நாலு பிளக்கையும் கழற்றினேன். நாலும் ஒரே மாதிரி, அடுப்புக்கரி பூசியதுபோல உலர்ந்த கறுப்பு. எண்ணெய் ஈரம் ஒன்றிலும் இல்லை. ரிங் போயிருந்தால் ஒன்றிரண்டாவது எண்ணெயில் நனைந்திருக்கும். நாலுக்கும் ஒரே நோய் என்றால் நோய் சிலிண்டரில் இல்லை, நாலுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. எண்ணெய் எரிந்தால் புகை நீலம், பெட்ரோல் மிஞ்சினால் கறுப்பு. இது எனக்குத் தெரியும். மூன்று பேர் சொல்லிவிட்டார்கள் என்று பயந்து, கறுப்பையே நீலமாகப் பார்த்திருக்கிறேன்.

நாலுக்கும் பெட்ரோல் கலந்து அனுப்பும் கார்புரேட்டரின் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் விளிம்புவரை ததும்பியது. போதுமென்றதும் வழியை அடைக்க வேண்டிய ஊசி, அடைக்காமல் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே எடுத்தால் அதன் முனையில் பழுப்பாக ஒரு பிசின். கோளாறு பிடிபட்டது. ஆனால் பெட்ரோலுக்குள் பிசின் எங்கிருந்து வரும்? பெட்ரோல் டாங்கியை நானே மூன்று முறை கழுவியிருந்தேன்.

ஊசியும் கையுமாகத் திரும்பினேன். சின்னையா ஒரு பால்டின்னுக்குள் குச்சியை விட்டு, பழுப்பாகக் கொழகொழவென்று எடுத்து டியூபில் தடவிக்கொண்டிருந்தார்.

"அது என்னண்ணே?"

"சொலூசன்லா. கடையில விக்கிறது சரியா ஒட்டாது. நம்ம ஒட்டுப்பால பெட்ரோல்ல ஊறப்போட்டு வச்சா, ரெண்டு நாள்ல ஜோரா கரைஞ்சிரும்."

மரத்தில் உறைந்து கிடக்கும் ரப்பர்தான் ஒட்டுப்பால். தோட்டத்து லயன் வீட்டில் பத்து வயதிலேயே நானும் அதைப் பெட்ரோலில் ஊறவைத்துப் பந்துக்குப் பஞ்சர் ஒட்டியவன். பெட்ரோலில் ரப்பர் கரையும் என்று தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன். என் அருமை வாஷர் சாம்பாரில் ஊறிய வடைபோல உப்பி, உள்விளிம்பு இழை இழையாகக் கரைந்துகொண்டிருந்தது.

"இது ஆர் போட்டது?" என்றாள் யோகம்.

"நான்தான்."

கடைப் பலகையில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் நானும் சிரித்தேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, கெட்டது என் பெருமைதான் என்று தெரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. சின்னையா ஒரு பழைய சைக்கிள் சீட்டின் தோலை அறுத்துக் கொடுத்தார். வட்டமாக வெட்டி, துணி துவைக்கும் சவர்க்காரத்தைத் தண்ணீர் தொட்டுப் பூசி, கிண்ணத்தில் வைத்து இறுக்கினேன். பெட்ரோலில் சவர்க்காரம் கரையாது. குழாய்களைச் சைக்கிள் பம்பால் ஊதினோம். ஊசியைத் துடைத்து மாட்டினேன். பெட்ரோல் கலந்த எண்ணெயை வடித்துவிட்டு, டவுனிலிருந்து சின்னையா வாங்கி வந்த புது எண்ணெயை ஊற்றினோம்.

பத்து ஐம்பத்தைந்து. சாவியைத் திருகினேன். முதல் தடவையே பிடித்துக்கொண்டது. யோகம் தன் வெள்ளைக் கைக்குட்டையைப் புகைக்குழாய்க்கு நேரே நீட்டிப் பிடித்து, நான் எஞ்சினை உறுமவிட்டபின் தூக்கிக் காட்டினாள். பழைய கரி இரண்டு பொட்டு விழுந்திருந்தது. அடுத்த உறுமலுக்கு அதுவும் இல்லை. சின்னையா எண்ணெய்க் காசைத் தவிர ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். "அந்த வாஷர மட்டும் குடுத்துட்டுப் போங்கண்ணே, நாலு பஞ்சருக்கு ஆவும்" என்றார்.

பதினொன்று இருபத்தைந்து, கோலகங்சார். பேராக் ஆற்றுப் பாலத்தில் போகும்போது எஞ்சின் சத்தம் இரும்பு வளைவுகளில் பட்டுத் திரும்பி வந்தது; ஒரு விக்கல் இல்லை. பாடாங் ரெங்காஸ் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் ஏற்றம். பலமில்லாத எஞ்சினை அது காட்டிக் கொடுத்துவிடும். முன்னால் ஒரு மரக்கட்டை லாரி முனகிக்கொண்டு ஊர்ந்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். எருமை மூச்சுப் பிடித்து ஏறி, லாரியை ஓரங்கட்டி, உச்சியில் நின்ற மூங்கில் கூட்டத்தைத் தொட்டது. நான் ஊளையிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். யோகம் லாரிக்காரருக்குக் கை காட்டினாள்.

பன்னிரண்டு இருபது, தைப்பிங். வழக்கம்போல மழை. மாமனார் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தேன். மாமி மட்டும் வெளியே வந்து, காரைப் பார்த்து வாயில் கைவைத்தார்.

"ஐயோ, அவர் பஸ் ஸ்டாண்டுக்கெல்லோ போயிட்டார்! கார் வராது, பிள்ளையள் பஸ்ஸிலதான் வருவினம், நனையக்கூடாதெண்டு ரெண்டு குடையும் கொண்டு போனவர்."

சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு குடை என்றது மனதில் ஏறியதும் அது இருந்த இடம் தெரியவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

பஸ் ஸ்டாண்டில், ஈப்போ பஸ் வந்து நிற்கும் இடத்தில், ஒரு குடையை விரித்தும் ஒன்றைக் கக்கத்தில் வைத்தும் மாமா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நிறுத்தினேன். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். காரின் பின்பக்கம் போய்க் குனிந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் புகைக்குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடையை மடக்கி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"புகைக்கேல்லை," என்றார்.

"இல்லை மாமா."

வீட்டுக்குப் போகும் தெருவில் திருப்பப் போனேன். அவர் கை என் தோளைத் தட்டியது.

"இதால வேண்டாம் தம்பி. கடைத்தெருவால விடும். மெதுவா விடும்."

கண்ணாடியை முழுக்க இறக்கி, கொட்டுகிற மழையில் முகத்தை வெளியே வைத்துக்கொண்டார். முடிதிருத்தும் கடையில் ஒருவருக்குக் கை தூக்கினார். சாப்பாட்டுக் கடையில் இருந்த மூன்று ஓய்வுபெற்ற உத்தியோகத்தருக்கு, "மருமோன்ர கார்!" என்று சத்தமாகச் சொன்னார். மணிக்கூண்டைச் சுற்றச் சொன்னார். அவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று மறுபடி சுற்றச் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர் வீடு அரை மைல். போய்ச் சேர எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆயிற்று.