பாங்குராக் குதிரை

கம்பம் ஊரில் எங்கள் தெருவுக்கு வீடு கட்ட வந்த கொத்தனார், வங்காளத்துப் பாங்குரா மாவட்டத்துக்காரர். வெற்றிலைக் கறைப் பல். எதற்கும் "எங்க பாங்குராவுல" என்றுதான் வாயைத் திறப்பார். மனைவிக்குச் சுகப்பிரசவமானால் ஊர்ச் சாமிக்கு மண்குதிரை வைப்பதாக வேண்டியிருந்தார். மகள் பிறந்தாள், ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. குழந்தைக்குப் பெயர் வைக்குமுன் வேண்டுதல் தீர வேண்டுமே! தானே மண் பிசைந்து, சூளையில் சுட்டு, எங்கள் அய்யனாரிடம் தூக்கி வந்துவிட்டார்.

"ஏப்பா, இது குதிரையா ஒட்டகமா?" என்று மறித்தார் பூசாரி.

"எங்க பாங்குராவுல கழுத்து நீளம், காது நீளம். உங்க குதிரைக்குக் காதே இல்ல. சாமி கோவிச்சாகளா?"

எண்ணிப் பார்த்தேன். கோயில் வாசலில் நின்ற பழைய மண்குதிரைகள் பதினொன்றில் ஏழுக்குக் காதில்லை.

"அங்கன ஓரமா வச்சுத் தொலை" என்றார் பூசாரி.

ராத்திரி அதில் ஏறிக் காவல் போனால், அந்தக் கழுத்தைத் தாண்டி அய்யனாருக்கு எப்படி வழி தெரியும் என்பதுதான் இன்றுவரை என் கவலை.