பிணைச்சலில் சந்தனம்

2009 கோடை முழுக்க லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமிருக்கவில்லை. நான் ஒரு சின்ன ராக்கெட் செய்துகொண்டிருந்தேன். ஏறும்போது அதன் இறக்கைகள் உடம்போடு மடிந்து நூலால் கட்டுண்டிருக்கும். உச்சியில் மோட்டார் கக்கும் கடைசி நெருப்பு நூலை எரிக்க, ரப்பர் இழுத்து இறக்கைகள் விரியும். பிறகு கிளைடராக மிதந்து இறங்கும். இறக்கை மடியும் பிணைச்சல்தான் என் உயிரை வாங்கியது.

மனைவி அதுவரை அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. முதல் தரம் ஏவப் புறப்பட்ட ஞாயிறு, குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

"புதுச் சாமான். பொட்டு வைக்காமல் கொண்டுபோகாதேங்கோ."

இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. என்னோடு வயலுக்கும் வந்தாள்.

ராக்கெட் நன்றாகத்தான் ஏறியது. மேலே ஒரு இறக்கை விரிந்தது, மற்றது விரியவில்லை. சுழன்று விழுந்ததை அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். பிணைச்சலில் காய்ந்து இறுகியிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். நான் அதை வாங்கி, எங்கே உடைந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

திருத்தி முடித்த ஞாயிறு, "நான் வரேல்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்றாள்.

அன்று இரண்டு இறக்கைகளும் விரிந்தன. இறங்க மனமில்லாததுபோல் வட்டமிட்டு மிதந்தது. நான் தனியே அண்ணாந்து நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "பறந்ததோ?"

"ஓம்!" என்றேன், சந்தோஷம் தாங்காமல். அந்த ஓம் இன்னும் என்னைச் சுடுகிறது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு கூப்பிட்டேன்.

"வேண்டாம், அது பறக்கட்டும்" என்பாள்.