டெலிபோன் இல்லாத டாங்கி

சின்னப்பன் நாற்காலியை விட்டு எழுந்தால்கூட "பீச்சே கோன்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஓர் அடி பின்னால் வைப்பார். பின்னால் யார் என்று அர்த்தம். போர்ட் பிளேருக்கும் தெற்கே, கடைசித் தீவில் இருக்கிற கேம்பல் பேயில் பஞ்சாபி, மராட்டி, மலையாளி, தமிழர்களான நாங்கள் என்று எல்லாரும் கலந்து குடியேறியிருந்ததால் பொதுவில் பேச்சு இந்திதான். அவர் கேட்டது யாருக்கும் புரியாமல் போகாது. ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து எழும்போது கேட்பார். பூசையில் முழங்காலிலிருந்து எழும்போதும் கேட்பார். பட்டாளத்தில் டாங்கி ஓட்டியவர். வெளியே ஓர் ஆள் நின்று கைகாட்டாமல் டாங்கியைப் பின்னுக்கு எடுக்கக்கூடாது என்று அங்கே பழக்கியிருக்கிறார்கள். டாங்கி போன பிறகும் பழக்கம் போகவில்லை.

தூத்துக்குடிப் பக்கம் மீன்பிடிக் குடும்பம். ஆனால் கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பார். அதற்குப் பயந்துதான் பட்டாளத்தில் சேர்ந்தார். குட்டையான, அகலமான உடம்பு. டாங்கிக்குள் நுழைய அது தோது என்று அதில் போட்டார்கள். டாங்கியும் வள்ளம் மாதிரி ஆடும் இல்லையா, அங்கே வாந்தி வரவில்லையா என்று ஒருநாள் கேட்டேன். உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே ஒரு கீற்றுதான் தெரியும், கடல் முழுசாகத் தெரிந்தால்தான் வயிறு புரளும் என்றார். ஓய்வு பெற்றபின் சர்க்கார் நிலம் கொடுக்கிறது என்று கேட்டு, மெட்ராஸிலிருந்து ஷிப் ஏறி, வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே இந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார். கூட வந்த மனைவி கிளாராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பங்குச் சோற்றையும் அவள்தான் சாப்பிட்டாள்.

நான் அப்போது அங்கே நர்ஸ். மலேரியா மாத்திரை, பிரசவம், கத்தி வெட்டு, அட்டைக்கடி எல்லாம் என் கையில்தான்.

அடுத்த நிலம் பக்தவத்சலத்துடையது. வேலூர்க்காரர், அவரும் பட்டாளம், ஆனால் காலாள் படை. அறுபத்தைந்தாம் வருஷத்துச் சண்டையில் இடது காலில் மூன்று விரல் போய்விட்டது. தழும்புத் தோல் காகிதம் மாதிரி மெல்லிசு. தண்ணீரில் ஊறினால் பிளந்துவிடும். அடிக்கடி கட்டுப்போட வருவார்.

இருவரும் குடியேறிய புதிதில் ஒருநாள் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பெஞ்சில் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க சின்னப்பன் உட்கார்ந்திருந்தார். காலுக்கு என்ன என்று விசாரித்தார். பஞ்சாபில் ஒரு வயலில் நம்முடைய டாங்கியே பின்னுக்கு வந்து ஏறிவிட்டது என்று பக்தவத்சலம் சொன்னார்.

"ஓட்டினவன் ஒருவாட்டி திரும்பிப் பார்த்திருந்தா என் விரல் இருந்திருக்கும். அவன் பார்க்கல."

நல்ல மனுஷனாக இருந்தால் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சின்னப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் உண்மை தெரிந்துவிட்டால் அவரால் அதை வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியாது.

"திரும்பிப் பார்த்தாலும் தெரியாது அண்ணே. நானும் டாங்கி ஓட்டினவன்தான்."

அன்றோடு பேச்சு முறிந்தது. தான் இருந்தது வேறு ஊர், வேறு படை என்று சின்னப்பன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். டாங்கிக்காரன் எல்லாம் ஒன்றுதான், ஒருத்தனுக்கு ஒருத்தன் பரிந்து பேசுகிறான் என்று பக்தவத்சலம் சொல்லிவிட்டார். கிளாராவும் பக்தவத்சலத்தின் மனைவி மங்கையர்க்கரசியும் மட்டும் வேலிக்கு மேல் மீன் குழம்பும் முருங்கைக்கீரையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு டாங்கியோடு எந்தத் தகராறும் இல்லை.

சண்டை அப்படியே கிடந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வருஷம் மாட்டுக்குச் சீக்கு வந்தது. சர்க்கார் கொடுத்த ஜோடியில் இவர் வீட்டில் ஒன்று, அவர் வீட்டில் ஒன்று என்று செத்துப்போனது. வேறு மாடு மெயின்லாண்டிலிருந்து ஷிப்பில் வரவேண்டும். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மாட்டையும் சேர்த்துக் கட்டி இரண்டு நிலத்தையும் உழுதுகொள்ளுங்கள் என்று விவசாய ஆபீஸ்காரர் சொல்லிவிட்டுப் போனார். மழை தொடங்க இருந்தது. சின்னப்பன் தயார். பக்தவத்சலம் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அவரிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். ஏர் என்றால் சேற்றில் சில நாள். மண்வெட்டி என்றால் மழைக்காலம் முழுவதும் சேற்றில் நிற்க வேண்டும். அப்படி நின்றால் மிச்சமிருக்கிற இரண்டு விரலும் அழுகும். போர்ட் பிளேருக்கு ஷிப் ஏற்றி அனுப்புவேன், அங்கே எடுத்துவிடுவார்கள். கேட்டுக்கொண்டார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

இது கிளாரா மூலம் சின்னப்பனுக்குப் போயிற்று. டாங்கிக்குள்ளிருந்து பின்னால் எதுவும் தெரியாது என்று வாயால் சொன்னால் பக்தவத்சலம் நம்ப மாட்டார், காட்டத்தான் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். டாங்கி ஒன்று செய்ய உட்கார்ந்தார்.

முதலில் செய்தது டாங்கி மாதிரியே இல்லை. முன்பக்கம் கூராகி, வயிறு உப்பி, என்ன செய்தாலும் கை பழகின வழிக்கே போயிருந்தது. வள்ளம் செஞ்சு அதுக்குப் பீரங்கி வச்சிருக்கீங்களே என்று கிளாரா கேட்டாள். அதைப் பிரித்து அடுப்புக்குக் கொடுத்துவிட்டு, ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். வீடு கட்ட சாத்தம் மில்லிலிருந்து வந்த பலகையில் வெட்டி எறிந்த துண்டுகள் கிடந்தன. உடம்பு அதில் ஆயிற்று. பீரங்கிக்குக் குடைக்கம்பி. இங்கே அடிக்கிற காற்றில் எல்லார் வீட்டிலும் செத்த குடை ஒன்று இருக்கும். சக்கரத்தின் மேல் ஓடும் பட்டைக்கு சைக்கிள் டயரை நீளமாகக் கீறி, பால் டப்பாத் தகரத்தைச் சின்னச் சின்னக் கட்டையாக வெட்டிக் குறுக்கே அடித்தார். போல்ட்டுத் தலைக்குக் கடுகு. சோற்றுப் பசையில் ஒட்டினார். காலையில் பார்த்தால் எறும்பு பசையைத் தின்றுவிட்டு, கடுகைத் தரையில் கொட்டி வைத்திருந்தது. பிறகு வள்ளத்துக்குப் பூசுகிற குங்கிலியத்தை உருக்கி ஒட்டினார். அது நின்றது. ரோடு போடுகிறவர்களிடம் மிச்சமிருந்த பச்சைப் பெயிண்ட் கிடைத்தது.

சக்கரத்துக்கு என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரிக் களிம்பு தட்டை டப்பாவில் வரும். அதுதான் சரியான அளவாம். பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு வேண்டும். பட்டையைத் தாங்குகிற மேல் உருளைக்கு ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி. மூடி உடனே கிடைத்தது. டப்பாதான் தாமதம்.

"காலியாச்சா சிஸ்டர்?" என்று தினமும் கேட்பார்.

"ஊர்ல புண்ணு வந்தாத்தான் காலியாகும்" என்பேன்.

உண்மையில் அந்தக் களிம்பில் பெரும்பகுதி பக்தவத்சலத்தின் காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காலை நசுக்கிய டாங்கிக்கு அந்தக் காலே சக்கரம் தந்துகொண்டிருந்தது. இருவரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு வேலை இருந்தது.

உள்ளே இன்னும் நுணுக்கமாகச் செய்திருந்தார். பீரங்கி பொருத்திய மேல்கூண்டைத் தூக்கினால் உள்ளே ஓட்டுகிறவருக்கு ஆசனம், மிதிகட்டை, இரண்டு பக்கமும் பிடிகம்பி, பக்கத்துச் சுவரில் தீக்குச்சி அகலத்துக்கு ஒரு மாதா படம். முன்னால் ஒரு கீறல் மாதிரி ஜன்னல். அதற்குப் பின்னே சாய்வாக ஒரு கண்ணாடித் துண்டு. கூண்டு இருந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு எது தெரியுமோ அது தெரியும். கண்ணாடி எங்கே கிடைத்தது என்று கிளாரா மறுநாள் தலை வாரும்போது கண்டுபிடித்தாள். மூலை போன கண்ணாடியில்தான் அப்புறம் வெகுநாள் அவள் பொட்டு வைத்துக்கொண்டாள்.

டாங்கி முடிந்த அன்று பக்தவத்சலம் கால் வீங்கி வீட்டில் கிடந்தார். நான் அங்கே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சின்னப்பன் டாங்கியைத் தூக்கிவந்து வேலியோரம் ஒரு மரக்கட்டையில் வைத்தார். பார்க்க வேண்டியவர் இந்தப் பக்கம் இருக்கிறாரே என்று முன்பக்கத்தை இந்தப் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவுதான் அவர் யோசித்தது.

பக்தவத்சலம் தலையைத் தூக்கிப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டாங்கி, பீரங்கி நேராக அவர் வாசலைப் பார்த்து நிற்கிறது. பாதிக் கட்டோடு எழுந்துவிட்டார். துணி தரையில் இழுபட, நான் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

"என் வூட்டுக்கு நேரா பீரங்கியா வைக்கிற?"

சின்னப்பன் பதறிப்போய் மேல்கூண்டைப் பிடித்து பீரங்கியைத் தன் வீட்டுப் பக்கம் திருப்பினார். கூண்டு வழுக்கிக்கொண்டு சுற்றியது. பக்தவத்சலம் அதைப் பார்த்தார். வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போனார். சக்கரத்தை விரலால் தட்டினார், கடுகை நகத்தால் நெருடிப் பார்த்தார். குனிந்து பின்பக்கம் வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"இது பொய் டாங்கி. பின்னால ஒரு டெலிபோன் பெட்டி இருக்கும். காலாள் உள்ள இருக்கறவனோட பேச. அது எங்கே?"

சின்னப்பன் தன் டாங்கியில் அது பிய்ந்துபோய் வெகுநாள், அதனால் நினைவே இல்லை என்றார்.

"எனக்கு நினைவு இருக்குது. அதைக் கையில பிடிச்சுக்கினுதான் நின்னேன். நான் பின்னால நிக்கிறேன்னு அவன்கிட்ட சொன்னேன். சொல்லியும் வந்தான்."

அந்தக் காலுக்கு எத்தனையோ முறை கட்டுப் போட்டிருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. மங்கையர்க்கரசியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் புதிது.

சின்னப்பன் சுற்றிப் பின்பக்கம் வந்து அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, அந்த டெலிபோன் ஓட்டுறவனுக்கு வராது. மேல்கூண்டுல இருக்கிற டாங்கித் தலைவருக்குத்தான் போகும். அதுவும் முள்ளுல மாட்டி ஒயர் அந்துதான் கிடக்கும். நீங்க பேசினது யாருக்குமே கேட்டிருக்காது."

"ஒருத்தனுக்கும்?"

"ஒருத்தனுக்கும்."

பக்தவத்சலம் டயர்ப் பட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு, திரும்பிப் பார்த்திருக்கலாமே என்றார். ஆனால் குரலில் பழைய பலம் இல்லை. சின்னப்பன் கூண்டைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, முகத்தை உள்ளே வைத்துப் பாருங்கள் என்றார். அவர் முழங்காலிட்டுக் குனிந்து பார்த்தார். சின்னப்பன் ஒரு குச்சியோடு முன்னால் போய் நின்றார். குச்சி தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது. அரை அடி தள்ளி நின்றார். தெரியவில்லை. குனிந்தார். அப்போதும் தெரியவில்லை. இப்படி இடமும் வலமும் நகர்ந்து நகர்ந்து காட்டினார். முன்னால் நிற்கிறவரே மறைந்து மறைந்து போனார்.

"சரி, இப்ப உங்களுக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

"எவன் நிக்கிறான்?"

"அதைத்தான் நான் கேக்கேன்."

பக்தவத்சலம் ஓட்டைக்குள் இருந்தபடியே, "தெரியல" என்றார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து டாங்கிக்காரனுக்குச் சாதகமாக வந்த முதல் வார்த்தை.

சின்னப்பன் சும்மா கேட்டார். பின்னால் யாரும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. அவரும் குச்சியையும் டாங்கியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பின்னால் ஆள் இருந்தது. குச்சி விளையாட்டு தொடங்கியதுமே கிளாராவும் மங்கையர்க்கரசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அவள் தன் மாட்டை அவிழ்த்தாள், இவள் தன் மாட்டை அவிழ்த்தாள். நுகத்தடி எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. பக்தவத்சலம் தலையை வெளியே எடுத்துத் திரும்பியபோது இரண்டு மாடும் ஒரே நுகத்தில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

"பின்னால நாங்கதான் நிக்கிறோம்" என்றாள் மங்கையர்க்கரசி. "ஏறிடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் மாட்டை நுகத்திலிருந்து அவிழ்க்கவும் சொல்லவில்லை. முதலில் யார் நிலம் என்று மட்டும் கேட்டார். கட்டு முடிக்காமல் யார் நிலமும் கிடையாது என்று சொல்லி அவரை உட்கார வைத்தேன்.

மறுநாளிலிருந்து சின்னப்பன் இரண்டு நிலத்தையும் உழுதார். பக்தவத்சலம் என் உத்தரவுப்படி காலை உலர்ந்த வரப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரப்போரம் வந்து ஏரைத் திருப்ப ஓர் அடி பின்னால் வைக்கும்போதெல்லாம் சின்னப்பன் பழக்கப்படி கேட்பார்.

"பீச்சே கோன்?"

"நான்தான்டா. ஆனே தோ, ஆனே தோ... ரோக்கோ."

வரட்டும், வரட்டும், நிறுத்து. சேற்றில் டாங்கி ஓட்டுகிற மாதிரி. ரோட்டில் போகிற பஞ்சாபிகள் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்கள்.

டெலிபோன் பெட்டியைப் பக்தவத்சலமே செய்தார். தீப்பெட்டியில் பாதியை வெட்டி, தகரம் சுற்றி, பின்பக்க ஓரத்தில் ஒட்டினார். அதிலிருந்து ஒரு கறுப்பு நூலை உள்ளே விட்டு ஓட்டுகிறவர் ஆசனத்தில் கொண்டுபோய்க் கட்டினார். அது தப்பு, மேலே தலைவருக்குத்தான் போக வேண்டும் என்று சின்னப்பன் சொன்னார்.

"இதுல உனக்குத்தான் வருது. எடுத்துப் பேசு."

அந்த மழைக்காலத்தில் அவர் காலுக்குக் களிம்பு அதிகம் செலவாகவில்லை. இரண்டு விரலும் இருந்தன. பக்கத்தில் இன்னொரு டாங்கி நின்றால் எடுப்பாக இருக்கும், சக்கரத்துக்கு டப்பா வேண்டும் என்று சின்னப்பன் வந்து கேட்டார். காலியாகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெஞ்சை விட்டு எழுந்தார், பின்னால் யார் என்று கேட்டார், போனார்.